சாலாவிலிருந்து மேலே: பெரு, பொலிவியா நாட்குறிப்பு

நாள் 1. லிமா, சுமார் 150 மீட்டர்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாக ஸ்வெட்டரைத் தேடினேன். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி, லிமா தெற்கே 12 டிகிரி. ஜூலை இங்கே குளிர்காலம் என்பது சரிதான், ஆனால் சென்னைக் குளிர்காலத்தில் யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள், மார்கழிக் கச்சேரிக்குப் போகிற மாமாக்களைத் தவிர? இங்கே காலையில் 15 டிகிரி. ஈரம் எலும்புக்குள் இறங்குகிறது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாதபடி வானம் முழுக்க ஒரே சாம்பல் மூட்டம். இந்த வானத்துக்கு லிமாக்காரர்கள் வைத்த பெயர் 'கழுதை வயிறு'. பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் 31 வருடம் இதற்குக் காரணம் சொல்லிக் கொடுத்தவன் நான். தெற்கிலிருந்து கரையை ஒட்டி மேலேறி வரும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. கடல் குளிர்ந்ததால் அதன் மேல் இருக்கும் காற்றும் குளிர்ந்து, கனத்து, அடியிலேயே படுத்துவிடுகிறது; அதற்கு மேலே சூடான காற்று சட்டிக்கு மூடி போட்டது மாதிரி. மூட்டம் கட்டும், தூறல் என்று சொல்லக் கூச்சப்படும் அளவுக்கு ஒரு ஈரம் இறங்கும், அதோடு சரி. கிழக்கே அமேசான் பக்கமிருந்து வரும் மழைக்காற்றை ஆண்டிஸ் மறித்துவிடுகிறது. ஆக, ஒரு வருடத்து மழையைச் சேர்த்து வைத்தாலும் இரண்டு சென்டிமீட்டர் தேறாத ஒரு பாலைவனத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் குடியிருக்கிறார்கள், பெருவில் மூன்றில் ஒரு பங்கு ஜனம். 1535இல் ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோ இங்கே தலைநகரம் போட்டதற்குக் காரணம் துறைமுகம். ஸ்பெயினிலிருந்து கப்பல் வரவேண்டும், மலையிலிருந்து வெள்ளி இறங்கவேண்டும், அவனுக்கு அது போதும்.

மத்தியானம் செவிச்சே சாப்பிட்டோம். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன், அடுப்பில் வைப்பதே இல்லை, பக்கத்தில் வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பெரிய பல் சோளமும். மீனுக்கு இங்கே பஞ்சமில்லை, அதே குளிர்ந்த நீரோட்டம்தான் காரணம்: அடியிலிருந்து சத்து மேலே வருகிறது, நெத்திலி கோடி கோடியாகப் பெருகுகிறது, அதில் பெரும்பங்கு தூளாக அரைபட்டு உலகத்துக் கோழிப் பண்ணைக்கும் மீன் பண்ணைக்கும் போகிறது. சில வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாகி மீன் காணாமல் போகும். வடக்குக் கரை மீனவர்கள் அதற்கு 'குழந்தை ஏசு' என்று பெயர் வைத்தார்கள். எல் நினோ. மீனவர் வைத்த பெயர் இன்று நம் ஊர் வானிலை அறிக்கை வரை வந்துவிட்டது.

என்னோடு வந்திருப்பது அக்கா மகள். ஸ்பெயினில் இரண்டு வருடம் படித்தவள், பாஷை அவள் பொறுப்பு, பணம் என் பொறுப்பு. விடுதிக்கார அம்மாவின் பையன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் ஒப்பித்துக் கொண்டிருந்தான்: "சாலா, யுங்கா, கெச்சுவா, சுனி, பூனா, ஹான்கா..." என்னவென்று கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு இவள் சிரிக்கிறாள். "மாமா, உங்க சப்ஜெக்ட்தான். திணை மாதிரி இருக்கு."

அப்படியேதான் இருந்தது. ஸ்பானியர்கள் இந்த நாட்டைக் கரை, மலை, காடு என்று மூன்றாகப் பார்த்தார்கள். ஹவியர் புல்கார் விதால் என்ற பெரு நாட்டுப் புவியியலாளர் 1940 வாக்கில், அப்படியில்லை, மலைக்காரர்கள் தாங்களே நிலத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எட்டு நிலம் எடுத்துக் காட்டினார். எல்லாம் உயரத்தை வைத்து. 500 மீட்டர் வரை சாலா, 2,300 வரை யுங்கா, 3,500 வரை கெச்சுவா, 4,000 வரை சுனி, 4,800 வரை பூனா, அதற்கு மேல் ஹான்கா. மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் ரூபா ரூபா, ஓமாகுவா. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பயிர், விலங்கு, வீடு. முதல் பொருள், கருப்பொருள் எல்லாம் உண்டு, தலைவனும் தலைவியும்தான் இல்லை. நான் ஆண்டிஸைக் கரும்பலகையில் பழுப்புச் சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்துக் கொண்டிருந்தேன், 31 வருடம்! இனி ஒவ்வொரு நாளும் தலைப்பில் உயரம் போடப் போகிறேன்.

நாள் 2. லிமாவின் தெற்கு மேடுகள், சுமார் 400 மீட்டர்

மிராஃப்ளோரஸ் பக்கம் கடலோரப் பூங்காக்கள் பச்சைப் பசேலென்று இருக்கின்றன, ஒவ்வொரு புல்லும் குழாய்த் தண்ணீர். அதைப் படம் எடுத்துக் கொண்டு, அப்புறம் வீயா மரியா தெல் த்ரியுன்ஃபோ பக்கம் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேட்டில் ஏற நம்ம ஊர் ஆட்டோ! பஜாஜேதான், இங்கே பெயர் 'தொரித்தோ', அதாவது காளைக்கன்று. ஓட்டுநருக்கு நான் அந்த ஊர்க்காரன் என்று தெரிந்ததும் உதிரி பாகம் ஏன் இவ்வளவு விலை என்று என்னிடம் புகார் செய்தார். நானா விலை வைக்கிறேன்!

மேடு முழுக்க வீடுகள். கீழே செங்கல், நடுவில் பாதி செங்கல் பாதி பலகை, உச்சியில் பாயும் தகரமும். வந்த வரிசைப்படிதான் ஏறியிருக்கிறார்கள்: முதலில் வந்தவர் கீழே, நேற்று வந்தவர் உச்சியில். 1980களில் வந்தவர்களில் நிறையப் பேர் பிழைப்புக்காக மட்டும் வரவில்லை. மலையில் 'ஒளிரும் பாதை' கெரில்லாக்களுக்கும் ராணுவத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தவர்கள். செத்தவர்கள் சுமார் 69,000 என்று உண்மை கண்டறியும் ஆணையம் 2003இல் சொன்னது, அதில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா அல்லது வேறு பூர்வகுடி மொழி பேசியவர்கள். அவர்கள் செத்தபோது தலைநகரம் பெரிதாகக் கவனிக்கவில்லை என்பதையும் அந்த ஆணையமே எழுதி வைத்தது.

தண்ணீர் லாரி மூச்சிரைத்துக் கொண்டு மேலே வருகிறது. குழாய் இருக்கிறவர் கொடுப்பதைப் போலப் பல மடங்கு கொடுத்து, இவர்கள் நீல நிற டிரம்மில் வாங்குகிறார்கள். மேலே போகப் போகத் தண்ணீர் விலை கூடும், மனை விலை குறையும். நாட்டுத் தண்ணீரில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் பசிபிக் பக்கம் ஓடுகிறது, ஜனத்தில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அமேசானுக்குப் போக வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து லிமாவுக்குத் திருப்புகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சிக்கு மேலே ஒரு அதிசயம். மூட்டம் மேட்டில் முட்டும் இடத்தில் குளிர்கால மாதங்களில் மட்டும் பாலைவனம் பச்சை பிடிக்கிறது. 'லோமாஸ்' என்கிறார்கள். அமான்காயெஸ் என்ற மஞ்சள் பூ, வருடத்தில் சில வாரம்தான் பூக்கும், கொத்துக் கொத்தாக நின்றது. கொஞ்சம் தள்ளி, வாலிபால் வலை மாதிரி பெரிய வலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். மூட்டம் வலையில் பட்டுத் துளியாகி, வாய்க்கால் வழியாகத் தொட்டிக்கு வருகிறது. செடிக்கு ஊற்ற, துணி துவைக்க ஆகும். வலைக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றதில் என் கண்ணாடியிலும் ஒரு ஸ்பூன் தேறியிருக்கும்.

நாள் 4. அரெகிப்பா, 2,335 மீட்டர்

நேற்று முழுக்க பஸ். சுமார் 1,000 கிலோமீட்டர், 17 மணி நேரம், எங்கள் இருக்கைக்கு மேலே குளிர்சாதனம் சொட்டியது, மாற்று இருக்கை கேட்டதற்கு நடத்துநர் ஒரு துண்டைக் கொடுத்தார். 'தோவாயா' என்றார். நம் 'துவாலை' போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல், இவர்களுடையது அதன் ஸ்பானியச் சகோதரி. மேசைக்கு இங்கேயும் 'மேசா'தான். நனைந்த கோபம் பாதி இந்தக் கண்டுபிடிப்பில் போய்விட்டது.

வழி முழுக்க மணல். திடீரென்று ஒரு பச்சைக் கோடு, ஒரு ஆறு, பருத்தி, திராட்சை, ஒரு ஊர், பாலம் முடிந்ததும் மறுபடி மணல். இப்படி ஐம்பதுக்கு மேற்பட்ட ஆறுகள் மலையிலிருந்து நேராகக் கடலுக்கு இறங்குகின்றன. கரை நாடு என்பதே இந்த ஆற்றுப் பட்டைகள்தான். நாஸ்காவில் தரையில் கீறிய பிரம்மாண்டப் பல்லி ஒன்றின் உடம்பை வெட்டிக்கொண்டு நெடுஞ்சாலை போகிறது. போட்டபோது அங்கே பல்லி இருப்பதே தெரியாதாம்.

அரெகிப்பா அழகான ஊர். எரிமலைச் சாம்பல் இறுகிய வெள்ளைக் கல்லில் கட்டியது, பின்னாலேயே மிஸ்தி எரிமலை. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் தூங்கப் போகிறேன்.

நாள் 6. பதபம்பா கணவாய், 4,910 மீட்டர்

போடிமெட்டு ஏறும்போது காது அடைப்பதையே பெரிய விஷயமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். நேற்று வேனில் ஏறும்போதே நெற்றிப்பொட்டில் சின்னதாகச் சுத்தியல் அடி. விகூன்யாக்கள் மேய்கிற பூனா வெளியைத் தாண்டும்வரை தாக்குப் பிடித்தேன். விகூன்யா ஒட்டகத்தின் ஒன்றுவிட்ட தம்பி, கழுத்து மட்டும் நீளம். கணவாயில் இறங்கி இருபது அடி நடந்தேன். அப்புறம் ஒரு கல்மேல் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, மெதுவா மூச்சு விடுங்க. பேசாதீங்க."

"நான் எங்கேம்மா பேசினேன்?"

"இதோ பேசுறீங்க."

சொரோச்சே, இதுதான் இங்கே மலை நோய்க்குப் பெயர். காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைந்து போவதால் ஒரு மூச்சுக்குக் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான் உள்ளே போகிறது. பாடமாகச் சொல்லியிருக்கிறேன். மூக்கு இப்போதுதான் அதைப் படித்தது. ஓட்டுநர் கோகா இலை ஒரு கைப்பிடி கொடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். வெற்றிலை போடுகிறவனுக்குப் புதிதில்லை, கசப்புதான் கூடுதல். அரை மணியில் கொஞ்சம் தேவலை.

இது ஹான்கா, எட்டு நிலத்தில் உச்சி. பயிர் இல்லை. யாரெத்தா என்ற செடி மட்டும் பாறைமேல் பச்சை மெத்தை போட்டது போல, தொட்டால் கல் மாதிரி கெட்டி. வருடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் வளருமாம். வழிப்போக்கர்கள் அடுக்கிய சின்னச் சின்னக் கற்கோபுரங்கள் நூற்றுக்கணக்கில். ஏறி வந்தவர்கள் மலைக்குச் செலுத்தும் காணிக்கை.

இறங்கியது கோல்கா பள்ளத்தாக்கு. இன்றைக்குக் காண்டோர் கழுகுகளைப் பார்த்தோம், பிரமாதம்தான், ஆனால் எனக்கு வேறு ஒன்று. எதிரே பனித் தொப்பியோடு மிஸ்மி மலை, 5,597 மீட்டர். இதன் இந்தப் பக்கம் உருகும் பனி கோல்காவில் சேர்ந்து நேராகப் பசிபிக்குக்கு இறங்கிவிடும். அந்தப் பக்கம் உருகினால் அபுரிமாக், உகயாலி, அமேசான் என்று பெயர் மாற்றி மாற்றி, கண்டத்தையே குறுக்கே கடந்து, 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பிரேசிலில் போர்த்துகீசியம் பேசுகிறவர்கள் ஊரில் அட்லாண்டிக்கைத் தொடும். அமேசானின் மிகத் தொலைவான ஊற்று என்று பல ஆய்வுப் பயணங்கள் காட்டியது இந்த மலையைத்தான். மண்டாரோ ஆற்றின் மூலம்தான் இன்னும் தொலைவு என்று 2014இல் ஒரு ஆய்வு வந்து சண்டை தொடர்கிறது. அகத்தியர் கமண்டலத்தைக் காக்கை எந்தப் பக்கம் கவிழ்த்தது என்கிற மாதிரி விஷயம், ஒரு கூரைக்கல் இப்படிச் சாய்ந்திருந்தால் ஒரு கடல், அப்படிச் சாய்ந்திருந்தால் இன்னொரு கடல். இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன். கழுகைப் பார்க்க வந்த கூட்டம் என்னை விசித்திரமாகப் பார்த்தது.

நாள் 8. புனோ, 3,827 மீட்டர்

தித்திகாக்கா ஏரி. கோரைப்புல் தீவுகளுக்குப் படகில் கூட்டிப்போனார்கள், பாட்டுப் பாடினார்கள், தொப்பி விற்றார்கள். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைய விஷயம் தீவில் இல்லை, ஊருக்கு வெளியே வயலில் இருந்தது.

புல்தரையில் உருளைக்கிழங்கைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஜூன், ஜூலையில் ராத்திரி பனி கொட்டி, சுழியத்துக்குக் கீழே போகும். கிழங்கு உறைந்து கல்லாகும். பகல் வெயிலில் இளகும். குடும்பத்தோடு வெறுங்காலால் மிதிப்பார்கள், தண்ணீர் வெளியேறும், தோல் உரியும். மறுபடி ராத்திரி, மறுபடி வெயில். சில நாளில் கறுத்து, சுருங்கி, கூழாங்கல் மாதிரி எடையில்லாமல் ஆகிவிடும். சூன்யோ. நம் வத்தலுக்கு வெயில் போதும். இவர்கள் வத்தலுக்கு ராத்திரியும் வேலை செய்கிறது. வருடக் கணக்கில் கெடாது. காய்ந்தபின் மூட்டை மூட்டையாக லாமா முதுகில் ஏற்றலாம். மழை பொய்த்த வருடத்தைத் தாண்டலாம். இன்கா அரசாங்கம் கிடங்குகளில் குவித்து வைத்ததும் படைக்குப் போட்டதும் இதைத்தான். உருளைக்கிழங்கே இந்த ஏரியைச் சுற்றிய மேட்டு நிலத்தில்தான் முதலில் வீட்டுப் பயிரானது. ஆண்டிஸில் இன்றும் ஆயிரக்கணக்கான ரகங்கள், ஊதா, கறுப்பு, விரல் மாதிரி வளைந்தவை, அன்னாசி மாதிரி கண் கண்ணாக இருப்பவை. நமக்கு பேபி உருளை, பெரிய உருளை, அவ்வளவுதான்.

ருசி? சூப்பில் போட்டுக் கொடுத்தார்கள். ஈர மண்ணும் பழைய அலமாரியும் கலந்தது போல ஒரு வாசனை. அக்கா மகள் இரண்டு வாயோடு நிறுத்திவிட்டாள். எனக்குப் பிடித்திருந்தது.

மிதித்துக்கொண்டிருந்த பெரியவர் ஐமாரா பேசுகிறவர், ஸ்பானியம் அவருக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷை. அவரிடம் இவள் ஏதோ கேட்க, 'நாம்' என்பதற்கு ஸ்பானியத்தில் ஒரே சொல்தான், எங்களிடம் இரண்டு என்றார். உன்னையும் சேர்த்து என்றால் ஹிவாசா, உன்னை விட்டுவிட்டு என்றால் நானாக்கா. நாம், நாங்கள்! நான் துள்ளிக் குதித்ததில் மூச்சு வாங்கியது. இன்னொன்றும் உண்டு. 'நைரா' என்றால் கண், முன்பக்கம், நடந்து முடிந்த காலமும் அதுதான். 'கீப்பா' என்றால் பின்பக்கம், வரப்போகிற காலமும் அதுதான். நடந்ததைப் பார்த்தாயிற்று, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. நாளையை யாரும் பார்த்ததில்லை, அது முதுகுக்குப் பின்னால். 'முன்பு', 'பின்பு', 'முன்னோர்', 'பிற்காலம்' என்று நாம் சொல்வதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

(உடனே யாரும் 'குமரிக்கண்டம்' என்று கிளம்ப வேண்டாம். நாம்/நாங்கள் வேறுபாடு உலகத்தில் நூற்றுக்கணக்கான மொழிகளில் உண்டு. தற்செயல். ஆனால் இனிமையான தற்செயல்.)

நாள் 9. கோபகபானா, 3,840 மீட்டர்

எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினோம். பொலிவியா. தேவாலயத்துக்கு முன்னால் கார், லாரி, மினிபஸ் வரிசை, எல்லாவற்றுக்கும் பூமாலை, காகிதத் தோரணம். பாதிரியார் தீர்த்தம் தெளிக்கிறார், அவர் போனதும் வண்டிக்காரர் சக்கரத்தில் பியர் ஊற்றுகிறார், அது பூமித்தாய் பச்சமாமாவுக்கு. எலுமிச்சம்பழம் மட்டும்தான் குறை.

பிரேசிலில் ரியோ கடற்கரை ஒன்றின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அது இந்த ஏரிக்கரைக் கிராமத்தின் பெயர். இங்கே 16ஆம் நூற்றாண்டில் தீத்தோ யுபாங்கி என்ற இன்கா வழிவந்த சிற்பி செதுக்கிய மாதா சிலை ஒன்று உண்டு. அதன் நகல் ரியோவுக்குப் போய் ஒரு சின்னக் கோயிலானது, கோயில் பெயர் கடற்கரைக்கு ஒட்டிக்கொண்டது. கடலே இல்லாத நாடு கடற்கரைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

கடலில்லாத கதை அடுத்த இரண்டு மணி நேரத்தில் வந்தது. தீகினா நீரிணையில் எங்களை இறக்கி மோட்டார் படகிலும் பஸ்ஸை மரத் தெப்பத்திலும் ஏற்றினார்கள். கரையில் வெள்ளைச் சீருடையில் கடற்படை! 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் முழுக் கரையையும் இழந்த நாடு இன்றும் கடற்படை வைத்திருக்கிறது. வருடா வருடம் மார்ச் 23 கடல் தினம் வேறு. பஸ் தெப்பத்தில் ஆடியாடி வருவதைப் பார்த்தபோது என் பெட்டி அதில் இருப்பதுதான் நினைவில் இருந்தது.

நாள் 11. லாபாஸ், 3,200 முதல் 4,150 மீட்டர் வரை

ஒரே நாளில் ஒரு ஊருக்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஏறி இறங்கினேன், அதனால்தான் தலைப்பில் இரண்டு எண்.

லாபாஸ் ஒரு குழி. மேட்டுச் சமவெளியின் விளிம்பில் ஆறு அரித்த பெரிய பள்ளத்தில் ஊர் வழிந்து கிடக்கிறது. இங்கே வசதியானவர்கள் அடியில், 3,200இல். குளிர் குறைவு, மரம் உண்டு, மூச்சு உண்டு. நடுவில் அரசாங்கமும் கடைத்தெருவும். சரிவு முழுக்கப் பூசாத செங்கல் வீடுகள். விளிம்புக்கு மேலே, காற்று வீசும் பொட்டல் சமவெளியில் எல் ஆல்தோ, சுமார் ஒன்பது லட்சம் ஜனம், பெரும்பாலும் ஐமாராக்கள். லிமாவில் ஏழை ஏறியது தண்ணீரை விட்டு விலகி. இங்கே ஆக்சிஜனை விட்டு விலகி.

2014 முதல் இரண்டையும் கம்பி வண்டி கட்டிப் போட்டிருக்கிறது. சுற்றுலாவுக்கு இல்லை, இங்கே மெட்ரோ என்பதே இதுதான்: பத்து வழித்தடம், சுமார் 30 கிலோமீட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், நிலையங்களுக்கு ஸ்பானியத்தோடு ஐமாராப் பெயர். சிவப்பு வண்டியில் ஏறினோம். எங்களோடு அடுக்குப் பாவாடையும் சின்னக் குண்டுத் தொப்பியுமாக ஒரு அம்மா, மடியில் பெரிய மூட்டை, பக்கத்தில் லேப்டாப்பில் தட்டிக்கொண்டு ஒரு பையன். வண்டி கல்லறைத் தோட்டத்துக்கு மேலே, மாடிக் கொடியில் காயும் துணிகளுக்கு மேலே சத்தமில்லாமல் போனது. ஒரு தலைமுறைக்கு முன்பு பொலேரா பாவாடைக்காரிகளைச் சில கடைகளிலும் சதுக்கங்களிலும் உள்ளே விடமாட்டார்களாம். "இப்ப எங்க பொண்ணுங்க பார்லிமென்ட்ல இதே பாவாடையோட உட்கார்றாங்க" என்றார் அந்த அம்மா, இவள் மொழிபெயர்த்தாள். 2009 அரசியல் சட்டத்தில் ஸ்பானியத்தோடு 36 பூர்வகுடி மொழிகளும் ஆட்சிமொழிகள்.

எல் ஆல்தோவில் வியாழன், ஞாயிறு சந்தை, கண்ணுக்கெட்டிய தூரம் கடை. ஊசி முதல் பழைய லாரி எஞ்சின் வரை. நடுநடுவே ஃப்ரெடி மாமானி என்ற உள்ளூர்க் கட்டிடக்காரர் கட்டிய மாளிகைகள்: ஆரஞ்சு, பச்சை, ஊதா, இன்காக்களுக்கு முந்தைய திவானாகு நாகரிகத்துக் கோலங்கள் போட்ட முகப்பு, கீழே கடை, நடுவில் கல்யாண மண்டபம், உச்சியில் முதலாளி வீடு. கீழே இருக்கிற மேட்டுக்குடிக்கு இது கண்ணை உறுத்துகிறதாம். உறுத்தட்டும், எனக்குப் பிடித்தது. இதே எல் ஆல்தோதான் 2003 அக்டோபரில் எரிவாயுவை வெளிநாட்டுக்கு விற்கும் திட்டத்தை எதிர்த்துச் சாலைகளை மறித்தது. கீழே பெட்ரோலும் கோழியும் ரொட்டியும் போகவில்லை. ராணுவம் சுட்டதில் 60 பேருக்கு மேல் செத்தார்கள், ஜனாதிபதி சாஞ்செஸ் தெ லோசாதா நாட்டை விட்டே போனார். குழிக்குள் இருக்கும் அரசாங்கத்தின் கழுத்து விளிம்பில் இருக்கிறவர் கையில் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

நாள் 13. போதோசி, 4,000 மீட்டருக்கு மேல்

உயுனி உப்புப் பாலைவனம் போகவில்லையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போகவில்லை. அந்த நாளை இங்கே செலவழித்தேன்.

செர்ரோ ரிக்கோ, பணக்கார மலை. செம்மண் நிறத்தில் தனியாக ஒரு கூம்பு. 1545இல் வெள்ளி கண்டார்கள். அறுபது, எழுபது வருடத்தில் இந்தப் பொட்டல் பூனாவில் ஒன்றரை லட்சம் பேர், அன்றைய ஐரோப்பியப் பெரிய நகரங்களுக்குச் சமம். வேலைக்கு ஆள்? வைஸ்ராய் தொலேதோ 1573இல் 'மீத்தா'வைப் போட்டார்: சுற்று மாவட்டங்கள் வருடத்துக்கு ஏழில் ஒரு ஆணை அனுப்ப வேண்டும். வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் பெருவின் வான்கவெலிகாவிலிருந்து லாமா முதுகில் வந்தது. இங்கிருந்து போன காசு மணிலா, லிஸ்பன், கோவா வழியாகச் சீனாவையும் நம் கரையையும் கூடத் தொட்டது. மிளகுக்கும் துணிக்கும் கொடுக்க ஐரோப்பாக்காரனிடம் வேறு என்ன இருந்தது?

நாணயசாலையில் வெள்ளித் தகடு உருட்டும் மர யந்திரங்கள் அப்படியே இருக்கின்றன. மேல் தளத்தில் பல்சக்கரம், கீழ்த் தளத்தில் கோவேறு கழுதைகள் சுற்றிச் சுற்றி நடந்த வட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளையும் இங்கே வேலைக்கு வைத்திருந்தார்கள்.

சுரங்கத்துக்குள் போகவில்லை. மூச்சு ஒரு காரணம். அடுத்தவன் நுரையீரலில் கல்தூசி இறங்குவதைச் சீட்டு வாங்கிப் பார்ப்பது என்னமோ போலிருந்தது, அது இன்னொரு காரணம். சுரங்கச் சந்தையில் மட்டும் நின்றேன். கூட்டுறவுச் சங்கத் தொழிலாளர்கள் இன்றும் துத்தநாகம், ஈயம், மிச்சமிருக்கிற வெள்ளி என்று தோண்டுகிறார்கள். குடைந்து குடைந்து உச்சியே உள்வாங்குகிறது, 2014இல் யுனெஸ்கோ ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. வேலைக்குப் போகிறவர்கள் வாங்குவது: டைனமைட், 96 சதவீதச் சாராயம், சிகரெட், ஒரு பை கோகா. பசியும் களைப்பும் தெரியாமல் ஒரு முறை வேலை முடியும்வரை தாங்குவது அந்தப் பைதான். இலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கடைக்காரப் பெண் கையை வடக்கே நீட்டி, கீழே என்று உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். யுங்காஸ், லாபாஸுக்கு அப்பால் இறங்கும் மலைச்சரிவு.

சரி, அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

நாள் 15. கொரோய்க்கோ பக்கம், சுமார் 1,500 மீட்டர்

லாபாஸிலிருந்து மினிபஸ் முதலில் ஏறுகிறது, லா கும்ப்ரே கணவாய், 4,650 மீட்டர், சாலையோரம் பனி. அப்புறம் இறக்கம், இறக்கம், இறக்கம். மூன்று மணி நேரத்தில் 3,000 மீட்டருக்கு மேல். காது மூன்று தடவை அடைத்துத் திறந்தது. புல் போய்ப் புதர், புதர் போய் மேகம், மேகத்துக்குள் மரம், மரத்தில் தொங்கும் பாசி, ஓடை, திடீரென்று ஒரு வளைவில் வாழை. ஸ்வெட்டர், மஃப்ளர், உள் சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தோம். 15 நாளாகச் சேர்த்த உயரத்தை ஒரு காலையில் செலவழித்தாயிற்று. எதிர்ச்சரிவில் பழைய 'மரணச் சாலை' கீறல் மாதிரி தெரிந்தது. அதில் மட்டும் வண்டிகள் நம் ஊர் போல இடப்பக்கம் போகும், ஓட்டுநர் ஜன்னலை எட்டிப் பார்த்துச் சக்கரம் விளிம்பில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

இறங்கியதும் முதல் மூச்சு. அது உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. அக்கா மகள் நான் சிரிப்பதைப் படம் எடுத்தாள்.

தோட்டங்களில் காப்பி, ஆரஞ்சு, பப்பாளி. சரிவெல்லாம் படிக்கட்டு மாதிரி வெட்டிய கோகா. தோகான்யா கிராமத்துக்கு நடந்தோம். ஆப்பிரிக்க வழிவந்த பொலிவியர்களின் ஊர். வெள்ளியும் கோகாவும் கொண்டுவந்து சேர்த்த ஜனம், இந்தச் சரிவுப் பண்ணைகளில் 1950கள் வரை கூலி இல்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. பக்கத்து முருராத்தாவில் இவர்களுக்கு ஒரு ராஜா உண்டு. ஹூலியோ பினேதோ, 2007இல் லாபாஸ் மாகாண அரசே முடிசூட்டியது. மளிகைக் கடை வைத்திருக்கிறார், கோகாவும் பயிரிடுகிறார். இங்கே ஐமாராப் பெண்களின் அதே பொலேராவைத்தான் ஆப்பிரிக்கப் பாட்டிகளும் கட்டுகிறார்கள், பின்னல் மட்டும் வேறு.

ஒரு வீட்டு முற்றத்தில் பலகைக்கல் பாவிய களம். பறித்த இலையை மெல்லிசாகப் பரப்பியிருந்தார்கள், நல்ல வெயில் என்றால் ஒரே பகலில் காய்ந்துவிடும், பச்சை மாறாமல். நனைந்தால் கறுத்துவிடும், விலை போகாது. பாட்டி ஒருத்தி ஓரத்தில் உட்கார்ந்து விளக்குமாற்றால் லேசாகப் புரட்டிக்கொண்டிருந்தார். போதோசியில் நான் பார்த்த பை எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன், உதட்டைப் பிதுக்கினார். அந்த விலையில் தனக்கு வருவது எவ்வளவு என்று அந்தப் பிதுக்கலில் தெரிந்தது.

அப்போதுதான் மேலே பள்ளத்தாக்கின் வாயிலிருந்து ஒரு வெள்ளை மேகம் இறங்கியது. பாட்டி மூக்கை உயர்த்தி ஒருமுறை மோந்தார், ஒரு சத்தம் போட்டார். வீட்டுக்குள்ளிருந்து பேரன், மருமகள், பக்கத்து வீட்டு ஆள் என்று நாலு பேர் ஓடி வந்தார்கள். சாக்கு, விளக்குமாறு, தார்ப்பாய். களத்தில் நெல் காயும்போது மழை இருட்டினால் எங்கள் தேனிப் பக்கம் எப்படியோ அப்படியே. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன்.

"மாமா, மெதுவா!" என்றாள் பழக்க தோஷத்தில்.

"போம்மா, அந்தச் சாக்கைப் பிடி."

கடைசிக் குவியலை அள்ளும்போது முதல் துளி பிடரியில் விழுந்தது.